பசைதான் கண்டுபிடிப்பு: ஆர்தர் ரூஜும் ஸ்ட்ரெயின் கேஜும்

1930களின் பிற்பாதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நிலநடுக்கப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர் ஆர்தர் ரூஜ். அவர் முன் இருந்த கேள்வி இதுதான்: உயரமான கால்களின் மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டி, நிலம் ஆடும்போது என்ன பாடுபடும்? சின்ன மாதிரித் தொட்டி ஒன்றைச் செய்து அதிர்வு மேசையில் வைத்து ஆட்டிப் பார்க்கலாம். அதன் சுவரில் வரும் தகைவை, அதாவது ஒரு சதுர அலகுப் பரப்பு தாங்கும் விசையை, எதை வைத்து அளப்பது? அன்றைக்கு இருந்த நீட்சிமானிகள் இரண்டு கத்திமுனைகளை உலோகத்தில் அழுத்திப் பிடித்து, இடையில் உள்ள நீள மாற்றத்தை நெம்புகோலால் பெருக்கிக் காட்டுபவை. அசையாத சுமைக்கு நல்ல கருவிகள். மெல்லிய தகட்டில் ஆன மாதிரியில் வைத்தால் கருவியின் எடையும் விறைப்புமே தகட்டின் நடத்தையை மாற்றிவிடும். மேசை ஆடத் தொடங்கியதும் நெம்புகோல் தன் போக்கில் ஆடும்.

1938 ஏப்ரலில் ரூஜ் செய்தது, மெல்லிய மின்தடைக் கம்பியை மெல்லிய தாளில் ஒட்டி, அந்தத் தாளை அளக்க வேண்டிய பொருளின் மேல் ஒட்டியது. பொருள் நீளும்போது கம்பியும் நீளும். கம்பி நீண்டால் அதன் மின்தடை கூடும். அதை அளந்தால் திரிபு, அதாவது நீளம் எத்தனை பங்கு மாறியது என்பது, தெரிந்துவிடும். இதுதான் ஸ்ட்ரெயின் கேஜ், சுருக்கமாகக் கேஜ்.

இழுத்தால் கம்பியின் மின்தடை மாறும் என்பது அப்போது புதுச் செய்தி கிடையாது. 1856லேயே கெல்வின் பிரபு இரும்புக் கம்பியிலும் செம்புக் கம்பியிலும் அதைக் காட்டியிருந்தார். இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் அதை வைத்துக் கருவி செய்ய முயன்றவர்கள் பெரும்பாலும் கம்பியை இரண்டு முனைகளுக்கு நடுவே அந்தரத்தில் கட்டினார்கள். அந்தரத்தில் நிற்கும் கம்பியை இழுக்கத்தான் முடியும், அமுக்க முடியாது, அமுக்கினால் தொய்ந்துவிடும். அதனால் முன்கூட்டியே இழுத்துக் கட்ட வேண்டும். முழு நீளமும் பசையில் பதிந்த கம்பிக்கு இந்தச் சிக்கல் இல்லை. பசை நாலாபுறமும் பிடித்திருப்பதால் வளைந்து ஒதுங்க இடமே கிடையாது, அமுக்கத்தையும் நேர்மையாகச் சொல்லும். அதனால்தான் பசையையே கண்டுபிடிப்பு என்று சொல்கிறேன்.

கணக்கும் இதைச் சொல்கிறது. 0.025 மி.மீ. விட்டமுள்ள கான்ஸ்டன்டன் (செம்பு-நிக்கல் கலவை) கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 0.0005 சதுர மி.மீ. அதை ஆயிரம் மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, நீட்டத் தேவையான விசை 0.08 நியூட்டன், எட்டு கிராம் எடைக்குச் சமம். இவ்வளவு சின்ன விசையைக் கடத்த மெல்லிய பசைப் படலம் தாராளமாகப் போதும். தடித்த கம்பியாக இருந்தால் விசை விட்டத்தின் இருமடிப்படி ஏறும், பசை பிடிக்கும் சுற்றளவோ விட்டத்தின் விகிதத்தில் மட்டுமே ஏறும். கம்பி மெல்லியதாக இருப்பதும் அது முழுக்க ஒட்டியிருப்பதும் சேர்ந்தே இந்தக் கருவி.

கலிபோர்னியாவில் கால்டெக்கைச் சேர்ந்த எட்வர்ட் சிம்மன்ஸ் 1936லேயே இதே யோசனைக்கு வந்திருந்தார். மோதல் சோதனையில் வரும் விசையை அளக்க எஃகுத் துண்டின் மேல் கம்பியை ஒட்டச் சொன்னவர் அவர். காப்புரிமையில் முந்தியவரும் அவரே: சிம்மன்ஸுக்கு 1942இல் கிடைத்தது, ரூஜுக்கு 1944இல். சிம்மன்ஸ் பிறகு நீதிமன்றம் வரை போய்த் தன் உரிமையை நிலைநாட்டினார். ரூஜின் பக்கத்தில் நடந்தது வேறு. பெரிய வணிகப் பயன் இருக்காது என்று கருதி எம்.ஐ.டி.யின் காப்புரிமைக் குழு உரிமையை அவரிடமே விட்டுவிட்டது. அவர் அதே கல்லூரியின் ஆல்ஃபிரெட் டி ஃபாரஸ்ட்டுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். பால்ட்வின் நிறுவனம் வழியாகச் சந்தைக்கு வந்த கேஜுக்கு எஸ்.ஆர்.-4 என்று பெயர்: எஸ் சிம்மன்ஸ், ஆர் ரூஜ், 4 என்பது இருவரோடும் உழைத்தவர்களையும் சேர்த்த நால்வர். இரண்டாம் உலகப் போரில் விமான இறக்கைகளின் வலிமைச் சோதனைக்கு இந்தத் தாள் கேஜுகள் பெருமளவில் ஒட்டப்பட்டன.

டி ஃபாரஸ்ட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காந்தத் துகள் தூவி உலோகத்தில் விரிசல் காணும் மேக்னஃபிளக்ஸ் முறையை வளர்த்தவர் அவர். அவருடைய வட்டத்தில்தான் கிரீர் எல்லிஸ் ஸ்ட்ரெஸ்கோட் என்ற எளிதில் வெடிக்கும் பூச்சைச் செய்தார். பாகத்தின் மேல் அடித்துக் காயவிட்டுச் சுமை ஏற்றினால், பெரும இழுவிசைத் தகைவுக்குச் செங்குத்தாகப் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் விழும். பூச்சு இடத்தையும் திசையையும் காட்டும். கேஜ் அளவைச் சொல்லும். கேஜ் ஒட்டுவதற்கு முன் எங்கே ஒட்டுவது என்று கண்டுபிடிக்கும் வேலை இன்றும் இருக்கிறது. இன்று அதைக் கணினி மாதிரி செய்கிறது. அந்த மாதிரியின் எல்லை நிபந்தனைகள், அதாவது பொருள் எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது, எங்கே சுமை வாங்குகிறது என்பவை, தப்பாக இருந்தால் கேஜ் தப்பான இடத்தில் மிகச் சரியாக ஒட்டப்படும்.

ரூஜின் அடுத்த பெரிய வேலை லோட் செல், கேஜுகளை ஒட்டி எடையை அளக்கும் கருவி. எடைப்பாலத்தில் லாரி ஏறி நிற்கும்போதும் காய்கறிக் கடையின் மின்னணுத் தராசிலும் வேலை செய்வது அதன் வாரிசுகள்தான். அடிப்படை வடிவம் ஓர் எஃகுத் தூண். அச்சுத் திசையில் இரண்டு கேஜ், குறுக்கே இரண்டு. நான்கையும் வீட்ஸ்டன் சமனச்சுற்றின் (மின்தடைகளின் சிறு வேறுபாட்டை மின்னழுத்தமாகக் காட்டும் சுற்றின்) நான்கு கைகளில் வைத்தால் தூண் கொஞ்சம் கோணலாகச் சுமை வாங்கினாலும் வளைவின் பங்கு கழிந்துவிடும். வெப்ப விளைவும் நான்கிலும் ஒன்றாக வருவதால் கழிந்துவிடும். பாய்சான் விகிதம் (நீளும்போது குறுக்கே சுருங்கும் பங்கு) 0.3 என்றால் ஒற்றைக் கேஜைவிட 2.6 மடங்கு மின்னழுத்தம் கிடைக்கும். 1500 மைக்ரோஸ்ட்ரெயின் அளவுக்கு வடிவமைத்தால், சுற்றுக்கு ஊட்டும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட். லோட் செல் விவரத்தாளில் அடிக்கடி காணும் அந்த 2 இப்படி வருவதுதான்.

இந்தத் துறைக்கு ஒரு சங்கமும் அந்தக் காலத்தில்தான் உருவானது. ஒளிமீட்சியியல் (ஒளிபுகும் மாதிரியில் தகைவை வண்ணப் பட்டைகளாகப் பார்க்கும் முறை) மாநாட்டில் கூடிவந்தவர்களோடு கேஜ்காரர்களும் சேர்ந்து, எம்.ஐ.டி.யின் வில்லியம் மர்ரே முன்னின்று, 1943இல் பரிசோதனைத் தகைவுப் பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1984இல் அதன் பெயர் பரிசோதனை இயக்கவியல் சங்கம் என்று மாறியது. தகைவு மட்டும் போதாது. விரிசல், மோதல், பாலிமர், உயிர்த்திசு எல்லாமே இவர்கள் மேசைக்கு வந்துவிட்டதன் அடையாளம் அந்தப் பெயர் மாற்றம்.

கம்பிக்குப் பதில் 1952இல் இங்கிலாந்தின் சாண்டர்ஸ்-ரோ நிறுவனத்தில் படலக் கேஜ் வந்தது. அச்சுச் சுற்றுப் பலகை போல மெல்லிய உலோகப் படலத்தை அரித்து வடிவம் எடுப்பது. இன்று நாம் வாங்குவது இதைத்தான்: பாலிமைடு அடித்தாள், ஐந்து மைக்ரான் அளவுக்கான கான்ஸ்டன்டன் படலம், 120 அல்லது 350 ஓம், கேஜ் காரணி (மின்தடை மாறும் பங்கு திரிபைப் போல எத்தனை மடங்கு என்பது) 2க்குச் சற்று மேலே. கேஜ் மாறியும் ஒட்டும் வேலை மாறவில்லை. இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவர் முதல் பருவத்தில் கற்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. சமன்பாடுகள் பிறகு வரட்டும்.

எஃகுப் பரப்பை எடுத்துக்கொள்வோம். முதலில் எண்ணெய் போக்க வேண்டும், அதன் பிறகே தேய்க்க வேண்டும். வரிசை மாறினால் எண்ணெயை உலோகத்தின் நுண்கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றியதாகிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அல்லது அசிட்டோனால், கேஜைவிடப் பல மடங்கு பெரிய பரப்பைத் துடையுங்கள். சுற்றிலும் இருக்கும் அழுக்கு அடுத்த துடைப்பில் நடுவுக்கு வரக் கூடாது. துருவும் பெயின்ட்டும் போக 220 எண் வாட்டர் பேப்பர், பிறகு 320 அல்லது 400. மென்மையான பாஸ்பாரிக் அமிலக் கரைசலை விட்டு ஈரத்திலேயே தேய்த்து, காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம். பசைக்குப் பிடிமானம் தேவை.

கேஜ் உட்காரும் இடத்தைக் குறிக்கக் கூர்முனையால் கீறுபவர்கள் உண்டு. செய்யாதீர்கள். கீறலின் விளிம்பு அடித்தாளைத் தூக்கும், அந்த இடத்தில் தகைவும் குவியும். எஃகில் பால்பாயின்ட் பேனாவை அழுத்திக் கோடு போட்டால் போதும். அலுமினியத்துக்கு 4எச் பென்சில். கோடு போட்டபின் மீண்டும் அமிலக் கரைசல், பஞ்சுக்குச்சி. குச்சி முனை வெள்ளையாகவே வரும் வரை குச்சியை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். பிறகு காஸ் துணியால் நடுவிலிருந்து வெளியே ஒரே இழுப்பு. துணியை மடித்துப் புதுப் பக்கத்தால் எதிர்ப்புறம் ஓர் இழுப்பு. முன்னும் பின்னும் துடைத்தால் எடுத்த அழுக்கைத் திரும்ப வைத்ததாகும். கடைசியில் அம்மோனியா கலந்த நடுநிலையாக்கி. இதற்குப் பிறகு எஃகில் முக்கால் மணி நேரத்துக்குள், அலுமினியத்தில் அரை மணிக்குள் ஒட்டி முடிக்க வேண்டும். அலுமினியத்தில் ஆக்சைடு சீக்கிரம் படிந்துவிடும்.

கேஜை விரலால் தொடக் கூடாது. சுத்தமான கண்ணாடியில் வைத்து, மேலே செலோடேப் ஒட்டித் தூக்கி, குறியோடு பொருத்தி ஒட்டிப் பாருங்கள். கோணம் சரியில்லை என்றால் டேப்பைச் சாய்வாக உரித்துத் திரும்ப ஒட்டலாம். செங்குத்தாக உரித்தால் கேஜ் மடங்கும். சரியானதும் டேப்பின் ஒரு முனையை மட்டும் மடக்கி, கேஜின் அடிப்பக்கத்தில் பசையைச் சீக்கிரம் இறுக்கும் முடுக்கியை மிக மெல்லியதாகத் தடவி, ஒரு நிமிடம் காயவிடுங்கள். இனி டேப் பரப்பைச் சந்திக்கும் மடிப்பில் ஒரு சொட்டு சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ வகைப் பசை). டேப்பைத் தாழ்ந்த கோணத்தில் இழுத்துப் பிடித்து, காஸ் துணியால் பசையை முன்னால் தள்ளியபடி ஒரே வழிப்பில் கேஜைப் படியவைத்து, உடனே கட்டைவிரலால் முழு ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். விரலின் சூடும் அழுத்தமும் இரண்டுமே தேவை. இரண்டு நிமிடம் கழித்து டேப்பை அதன் மேலேயே மடக்கி மெதுவாக உரிக்கலாம். பசை தடித்திருந்தால் கேஜ் பொருளின் திரிபை முழுசாக வாங்காது; சுமை நிற்கும்போது அளவு மெல்லச் சரியும். அந்தச் சரிவைப் பொருளின் ஊர்வு (மாறாத சுமையில் மெல்ல நீளுதல்) என்று நம்பி அறிக்கை எழுதுவது எளிதில் நேரக்கூடியது.

இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இறுகாமல் இழுக்கும். மிக அதிகமானால் பரவுவதற்கு முன்பே இறுகும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஏசி அறையில் ஒட்டுவது நல்லது. குளிர்பெட்டியில் வைத்த பசைக் குப்பியை அறை வெப்பத்துக்கு வரும் முன் திறந்தால் உள்ளே ஈரம் படிந்து குப்பியே வீணாகும். சில நாள் சோதனைக்கு சயனோஅக்ரிலேட் சரி. ஆண்டுக்கணக்கில் பாலத்தில் இருக்க வேண்டிய கேஜுக்கு எபாக்சிதான்: ரப்பர் பட்டை வைத்து சுமார் 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் பிடித்து, பசை நிறுவனம் சொன்ன சூட்டில் இறுகவிட வேண்டும்.

ஒட்டியதும் இரண்டு அளவு எடுக்க வேண்டும். கேஜின் மின்தடை பொட்டலத்தில் அச்சிட்டதிலிருந்து அரை விழுக்காட்டுக்கு மேல் மாறியிருந்தால் ஒட்டும்போதே கேஜ் அடிபட்டிருக்கிறது. இரண்டாவது, கேஜுக்கும் உலோகத்துக்கும் இடையிலான மின்காப்பு. நல்ல ஒட்டில் பத்தாயிரம் மெகா ஓம் எதிர்பார்க்கலாம். மின்பணியாளர் வைத்திருக்கும் 500 வோல்ட் மெக்கரால் (மின்காப்பு அளக்கும் கருவியால்) அளந்தால் கேஜே போய்விடும். 50 வோல்ட்டுக்கு உள்ளே சோதிக்க வேண்டும். காப்புக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு? 120 ஓம் கேஜுக்கு இணையாக ஒரு மெகா ஓம் கசிவு வந்தால் 60 மைக்ரோஸ்ட்ரெயின் பொய்யாகச் சேரும். காலையில் ஈரம், மதியம் வெயில் என்றால் இந்தப் பொய் நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும். சாலிடரிங் பிளக்ஸ் மிச்சம் இந்தக் கசிவுக்கு முக்கியக் காரணம், கரைப்பானால் கழுவித்தான் ஆக வேண்டும். மேலே சிலிக்கோன் பூசும்போது வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிருங்கள். இறுகும்போது அது விடும் அசிட்டிக் அமிலம் செம்பையும் படலத்தையும் அரிக்கும்.

அடுத்தது ஒயர். பெரும்பாலான பொய் எண்கள் இங்கேதான் பிறக்கின்றன. 0.14 சதுர மி.மீ. செம்பு ஒயர் மீட்டருக்கு எட்டில் ஒரு ஓம். சோதனைப் பொருள் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் போகவர இருபது மீட்டர், 2.5 ஓம். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 விழுக்காடு ஏறும். ஒயர் மேல் வெயில் பட்டு பத்து டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 0.1 ஓம் கூடும். 120 ஓம் கேஜில் அது 400 மைக்ரோஸ்ட்ரெயின். எஃகில் 80 மெகாபாஸ்கல். யாரும் சுமை ஏற்றாமலே. இதற்குத் தீர்வு மூன்று ஒயர் இணைப்பு. கேஜின் ஒரு முனைக்கு ஓர் ஒயர், மறு முனைக்கு இரண்டு. முதல் ஒயரும் அந்த இரண்டில் ஒன்றும் சமனச்சுற்றின் பக்கத்துப் பக்கத்துக் கைகளில் வருவதால் வெப்ப மாற்றம் கழிந்துவிடும்; மூன்றாவதில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. மூன்றும் ஒரே நீளம், ஒரே கட்டாக, ஒரே வெயிலில் இருந்தால்தான் இது பலிக்கும். ஒயரின் மின்தடை கேஜோடு சேர்வதால் வரும் உணர்திறன் குறைவு மூன்று ஒயரிலும் பாதி மிச்சமிருக்கும். அதைச் சரிசெய்ய ஷன்ட் அளவுத்திருத்தம்: 120 ஓம் கேஜுக்கு இணையாக 59,880 ஓம் மின்தடையை வைத்தால், காரணி 2 என்ற கணக்கில், கருவி ஆயிரம் மைக்ரோஸ்ட்ரெயின் அமுக்கத்தைக் காட்ட வேண்டும். மின்தடையைக் கேஜின் முனையிலேயே வைத்துப் பாருங்கள். கருவிக்குள் வைத்தால் ஒயரின் குறை முழுசாகத் தெரியாது.

பிளாஸ்டிக்கில் ஒட்டுபவர்கள் சூட்டையும் கவனிக்க வேண்டும். 5 வோல்ட் சுற்றில் 120 ஓம் கேஜ் 52 மில்லிவாட்டை வெப்பமாக்குகிறது. எஃகு அதை உறிஞ்சிவிடும், அக்ரிலிக் உறிஞ்சாது. அளவு நிற்காமல் நகரும். 350 ஓம் கேஜும் 2 வோல்ட்டும் என்றால் 3 மில்லிவாட்டுக்குள் அடங்கும்.

கோணப் பிழையைப் பலரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். ஒற்றைத் திசை இழுவையில் அச்சோடு ஒட்டிய கேஜ் 5 டிகிரி திரும்பினால் பிழை ஒரு விழுக்காடுதான். 45 டிகிரியில் ஒட்ட வேண்டியது 50 டிகிரியில் ஒட்டிவிட்டால் பிழை 32 விழுக்காடு. மூன்று கேஜ் சேர்ந்த ரோசெட்டில் அவற்றுக்கு இடையிலான கோணத்தைத் தயாரிப்பாளர் சரியாக வைத்திருப்பார். மொத்தமாகத் திரும்பினாலும் முதன்மைத் திரிபுகளின் (அந்த இடத்தின் மிகப் பெரிய, மிகச் சிறிய திரிபுகளின்) அளவு கெடாது, திசை மட்டும் அதே கோணம் பிசகும். திசை உறுதியாகத் தெரியாத இடத்தில் காசைப் பார்க்காமல் ரோசெட் போட வேண்டும் என்பது இதனால்தான். கேஜின் நீளமும் அப்படியே: துளை ஓரத்தில் தகைவு வேகமாக மாறுவதால் துளை ஆரத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீளம் போகக் கூடாது. 20 மி.மீ. ஜல்லி போட்ட கான்கிரீட்டிலோ 60 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஜல்லியின் திரிபை அளந்து கான்கிரீட் என்று எழுதுவோம்.

ரூஜுக்குப் பின் வந்த பேராசிரியர்கள் புள்ளியிலிருந்து பரப்புக்கு நகர்ந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் பீட்டர்ஸ், ரான்சன், சட்டன் ஆகியோர் டிஜிட்டல் இமேஜ் கோரிலேஷன் முறையை உருவாக்கினார்கள்: பரப்பில் புள்ளிகள் தெளித்து, சுமைக்கு முன்னும் பின்னும் படமெடுத்து, ஒவ்வொரு சிறு கட்டமும் எங்கே நகர்ந்தது என்று கணினி தேடும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் கே. ரமேஷ் ஒளிமீட்சியியலின் வண்ணப் பட்டைகளைக் கணினியால் படிக்கும் முறைகளை வளர்த்தார்; பரிசோதனைத் தகைவுப் பகுப்பாய்வு பற்றிய அவருடைய என்.பி.டெல். இணைய வகுப்புகளை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

படமுறைக்கும் பரப்பைத் தயார்செய்யும் கைப்பாடு உண்டு. புள்ளி ஒவ்வொன்றும் படத்தில் 3 முதல் 5 பிக்சல் இருக்க வேண்டும். அதைவிடச் சின்னதானால் கணினி பொய்யான இடப்பெயர்ச்சி காட்டும். பெரிதானால் கட்டத்தையும் பெரிதாக்க வேண்டிவந்து, நுண்ணிய மாற்றம் மறையும். வெள்ளைப் பெயின்ட் முழுக்க இறுகிவிட்டால் பொருள் நீளும்போது உதிரும், எனவே அதிகம் நீளும் பொருளுக்கு அன்றன்றே பூச வேண்டும். ஒற்றைக் கேமராவில் பெரிய ஆபத்து பொருள் கேமராவை நோக்கி நகர்வது: ஒரு மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் முன்னால் வந்தால் 500 மைக்ரோஸ்ட்ரெயின் இழுவை பொய்யாகத் தெரியும். பிடிமானம் நேராகிக்கொள்ளும் முதல் சில சுமைப் படிகளில் இது கட்டாயம் நடக்கும். தூரத்தைக் கூட்டலாம், இரண்டு கேமரா போடலாம். மாதிரியின் பின்புறம் ஒரு கேஜ் ஒட்டி ஒப்பிடுவது எல்லாவற்றையும்விட மலிவு.

இந்தத் துறையில் ஆராய்ச்சிக் குழு நடத்துபவருக்கு ஓர் ஆய்வேட்டை வாங்கிப் படிக்கும்போது முதலில் தேட வேண்டிய பக்கம் முடிவுகளின் வரைபடம் கிடையாது. சுமையே இல்லாமல் ஒரு மணி நேரம் பதிவுசெய்த அளவு எங்கே? மூன்று முறை ஏற்றி இறக்கியபின் பூஜ்யத்துக்குத் திரும்பியதா? இன்றைய கருவிகளில் இருக்கும் பூஜ்யப் பொத்தானை அழுத்துவதற்கு முன் இருந்த எண்ணைக் குறித்து வைத்திருக்கிறார்களா? பொத்தான், அடிபட்ட கேஜையும் நல்ல கேஜையும் ஒன்றாகக் காட்டிவிடும். பென்சிலின் ரப்பர் முனையால் கேஜை மெல்ல அழுத்தி விட்டுப் பாருங்கள்: எண் ஓடிப்போய் அதே இடத்துக்கு வந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது. வேறு எண்ணில் நின்றால் அடியில் காற்றுக்குமிழோ ஒட்டாத இடமோ உண்டு. உரித்துப் போட்டு, 220 எண் தாளிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.